தண்ணி மெசின் லைட்

1. துவாயில் சுற்றிய ஸ்கேனர்

நான் கராஜில் வேலைக்குச் சேர்ந்த அன்று முதலாளி சலீம் நானா அலுமாரியைத் திறந்து, துவாயில் சுற்றி வைத்திருந்த ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்து மேசையில் வைத்தார். கட்டாரில் பத்து வருடம் வாகனம் திருத்திவிட்டுத் திரும்பியபோது கொண்டு வந்த ஸ்கேனர் அது. காரின் கொம்பியூட்டரோடு பொருத்தினால் எங்கே பிழை என்று திரையில் எழுதிக் காட்டும். எழுதுவது ஆங்கிலத்தில். நானா ஆங்கிலம் பேசுவார், வாசிக்கத் தெரியாது.

"இது எல்லாம் சொல்லும் புள்ள. எனக்கிட்ட மட்டும் சொல்லுதில்ல," என்றார். "நீ இத வாசி. மத்த வேலைக்கெல்லாம் ஆள் இரிக்கு."

கராஜ் ஆரையம்பதியில் பிரதான வீதியோரம் இருந்தது. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. கல்லடிக் கடற்கரையில் மீன் பிடித்தவரின் மகள். அப்பாவுக்குக் கையெழுத்து வைக்க வராது, பெருவிரல்தான். அம்மா பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. எங்கள் குடும்பத்தில் சாதாரண தரம் பாஸ் பண்ணிய முதல் ஆள் நான். சுனாமிக்குப் பிறகு வெளிநாட்டு உதவியில் நடந்த தொழிற்பயிற்சியில் வாகன மின்னியல் படித்தேன். வகுப்பில் பதினெட்டுப் பேர், பெண் நான் ஒருத்தி. சான்றிதழைச் சட்டம் போட்டுக்கொண்டு போய், கராஜ் சுவரில் மாட்ட வேண்டும் என்று முதல் நாளே கேட்டேன். நானா சிரித்துக்கொண்டே ஆணி அடித்துத் தந்தார்.

வாகன மின்னியல் படிக்கும் தங்கச்சி தம்பிமாருக்காக எழுதும் குறிப்பு இது. ஆகவே என் பெருமையை ஒளிக்காமல் சொல்கிறேன். படித்ததற்காகப் பெருமைப்பட்டது பிழை என்று இன்றும் நான் நினைக்கவில்லை. அது எந்த இடத்தில் ஆளைக் குருடாக்கும் என்பது மட்டும் எனக்குத் தெரியாமல் இருந்தது.

2. மூன்று வைத்தியம்

அந்த வருடங்களில்தான் எஞ்சின் லைட் எரியும் கார்கள் எங்கள் பக்கம் வரத் தொடங்கியிருந்தன. பழைய வண்டிகளில் அப்படி ஒரு லைட்டே கிடையாது. ஜப்பானிலிருந்து இறங்கிய புதிய றீகண்டிஷன் கார்களில் மீட்டர் போர்டில் மஞ்சளாக எரியும். ஊர் மெக்கானிக்மார் லைட்டையே வருத்தமாக நினைத்து அதற்கு வைத்தியம் பார்த்தார்கள். பற்றரி வயரைக் கழற்றிப் பத்து நிமிடம் விட்டால் கொம்பியூட்டர் பிழையை மறந்துவிடும், லைட் அணையும், சில நாளில் திரும்ப வரும். அதற்கும் மசியாவிட்டால் மீட்டர் போர்டைக் கழற்றி பல்பைப் பிடுங்குவார்கள். அதற்கும் பொறுமையில்லாதவர்கள் லைட்டுக்கு மேல் கறுப்பு டேப் ஒட்டுவார்கள்.

டேப்புக்குச் சோதனைச் சாவடியும் ஒரு காரணம். சாவடியில் எஞ்சினை நிறுத்தி, எல்லோரும் இறங்கி, அடையாள அட்டை காட்ட வேண்டும். திரும்ப ஸ்டார்ட் எடுக்கும்போது குனிந்து உள்ளே பார்க்கும் சிப்பாயின் கண்ணில் மஞ்சளாக ஏதாவது பட்டால் அது என்னவென்று கேட்பான். தெரிந்த நாலு சிங்களச் சொல்லை வைத்துக்கொண்டு ஒக்சிஜன் சென்சரை விளங்கப்படுத்த யாரால் முடியும்? டேப் ஒட்டுவது லேசு.

நான் டேப்பை உரித்தேன். பல்பைத் திரும்பப் போட்டேன். சாவியை ஓனில் வைத்ததும் எஞ்சின் லைட் மூன்று விநாடி எரிய வேண்டும். எரியாவிட்டால் யாரோ பல்பில் கை வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். முதலில் அதைப் பாருங்கள். இது இன்றும் நல்ல பாடம்தான்.

லைட் என்று யார் வந்தாலும், போன் எடுத்தாலும், கராஜில் நாங்கள் கேட்ட முதல் கேள்வி ஒன்றே ஒன்று: "இழுக்குதா?" ஆள் ஏற்றினால், பாலம் ஏறினால், எஞ்சினுக்கு இழுவை இருக்கிறதா என்று அர்த்தம். இழுக்குது என்றால் ஆறுதலாகக் கொண்டு வரச் சொல்வோம். இழுக்குதில்லை என்றால் அந்த இடத்திலேயே நிறுத்தச் சொல்வோம். நானா அப்படித்தான் கேட்பார். நானும் அவரைப் பார்த்துப் பழகிக்கொண்டேன்.

3. துசி வைத்த பெயர்

நடேசன் அண்ணன் வாவிக்கு அந்தப் பக்கம், கொக்கட்டிச்சோலையைச் சேர்ந்த வேளாண்மைக்காரர். மாரி மழை தொடங்கிய நாளொன்றில் வெள்ளை நிறச் சின்னக் கார் ஒன்றைக் கொண்டு வந்தார். பக்கத்து ஆசனத்தில் மகள் துசி. ஏழு வயது, மெலிந்த பிள்ளை, வாயால் மூச்சு விடுகிறவள்.

"புதுக் கார்தான் தங்கச்சி. அஞ்சு வருசம் ஆகல்ல. கொழும்பில ஒரு டாக்குத்தர் ஓடினது எண்டு சொல்லித்தான் தந்தவங்க. வாங்கி மூணு மாசமாகல்ல, மாசத்தில ரெண்டு தரம் லைட் வருது."

"லைட் இல்ல அப்பா, தண்ணி மெசின்," என்றாள் துசி.

குனிந்து பார்த்தேன். எஞ்சின் அடையாளம் அவளுக்கு வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் மெசின் போலத் தெரிந்திருக்கிறது. குழாய், பெட்டி, பக்கத்தில் கைபிடி. ஒருமுறை அப்படிச் சொல்லிவிட்டால் பிறகு வேறு மாதிரித் தெரியாது.

"ஓம்கா, தண்ணி மெசின்தான்," என்றேன். "எப்ப பத்துது?"

"நான் பாத்துக்கொண்டே வருவன். பத்தினா அப்பாக்குச் சொல்லுவன். அதுதான் என்ட வேல."

நடேசன் அண்ணன் கார் வாங்கியதே அவளுக்காகத்தான். "இவளுக்கு முட்டு, மூச்சு வருத்தம். மாசத்தில ரெண்டு தரம் இழுக்கும். போன வருசம் உழவு மெசினில வைச்சுக் கொண்டு வந்தம். பாதையடிக்கு வந்து சேரக்குள்ள பிள்ள நீலம் பாரிச்சிட்டு. அண்டைக்கு ஒரு வேன்காரன் ஏத்தினதால தப்பினவள். அதுக்குப் பிறகுதான் வட்டையில கிடந்த ஒரு ஏக்கர் வயல வித்திட்டு இத எடுத்தன். இது நிண்டா நான் என்ன செய்ய? நிக்காம ஓடினாப் போதும் தங்கச்சி, வேற ஒண்டும் வேணாம்."

பாதை என்று எங்கள் பக்கம் சொல்வது வாவியைக் கடக்கும் மிதவைப் படகை. வாகனங்களையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு மண்முனைத் துறையில் அக்கரையிலிருந்து இக்கரைக்கு வரும். அப்போது அங்கே பாலம் கிடையாது.

சலீம் நானா பொனற்றைத் திறந்துகொண்டே, "காருக்கும் மகளுக்கும் ஒரே வருத்தம் போலயே, அண்ணன். ரெண்டும் மாசத்தில ரெண்டு தரம்," என்றார். துசிதான் முதலில் சிரித்தாள். சிரித்ததும் இருமினாள்.

போகும்முன் நடேசன் அண்ணன் சட்டைப் பையிலிருந்து மடித்த கடதாசி ஒன்றை எடுத்தார். பிள்ளை மூச்சுக்கு அடிக்கும் மருந்துப் பம்பின் பெட்டிக்குள் இருந்த ஆங்கிலக் குறிப்பு. "இதையும் ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்க தங்கச்சி. ஆஸ்பத்திரியில கேட்டா ஏசுவாங்க."

வாசித்தேன். எத்தனை தரம் அடிக்க வேண்டும், எப்போது வைத்தியரிடம் உடனே போக வேண்டும் என்று வரி வரியாகத் தமிழில் சொன்னேன். அவர் கை கட்டிக்கொண்டு கேட்டார். "படிச்ச பிள்ளைக்கு மருந்தும் தெரியிது, மெசினும் தெரியிது," என்று நானாவிடம் சொன்னார். அந்தப் பேச்சு எனக்குப் பல நாள் இனித்தது.

4. தலையாட்டி

ஸ்கேனர் முதல் தரம் ஒக்சிஜன் சென்சர் என்றது. மாற்றினேன். லைட் போனது. மூன்று வாரத்தில் வந்தது. இரண்டாம் தரம் தண்ணீர்ச் சூட்டைப் பார்க்கும் சென்சர் என்றது. மாற்றினேன். போனது. திரும்ப வந்தது. மூன்றாம் தரம் கிராங்க் சென்சர். எஞ்சின் சுற்றுவதைக் கொம்பியூட்டருக்குச் சொல்வது அதுதான். அந்தச் சாமான் மட்டக்களப்பில் கிடைக்கவில்லை. கொழும்புக்குச் சொல்லிவிட்டு, இருந்ததைக் கழற்றித் துடைத்துப் பூட்டி, கொம்பியூட்டரில் பதிந்திருந்த கோட் என்ற பிழைக் குறியீட்டை அழித்து அனுப்பினேன்.

"சாமான் வந்தாப் போன் பண்ணுறன் அண்ணன். அதுவரைக்கும் ஓடுங்க."

அவர் போன பிறகு நானா கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"புள்ள, உன்ட ஸ்கேனர் தலையாட்டி மாதிரி. ஒவ்வொரு நாளும் ஒவ்வொருத்தனக் காட்டித் தலையாட்டுது. நீயும் பிடிச்சுப் பிடிச்சு மாத்திறா. எல்லாருமா குற்றவாளி? எனக்கெண்டா வயரில தான் சந்தேகம்."

தலையாட்டி என்றால் எங்கள் பக்கம் எல்லோருக்கும் விளங்கும். ஆமியின் சுற்றி வளைப்பில் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்து, வரிசையில் வருகிறவர்களைப் பார்த்துத் தலையை ஆட்டுகிறவன். அவன் ஆட்டினால் ஆள் வீடு திரும்பாது.

எனக்குச் சுட்டது. "வாசிக்கத் தெரியாட்டி அப்பிடித்தான் தெரியும் நானா," என்றேன்.

கராஜில் வேலை செய்த மற்ற இருவரும் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள். நானா தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார்.

அவர் சொன்னதுதான் சரி. ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத கோட்கள் மாறி மாறி வந்தால் சென்சரை விடுங்கள். வயரை, கனெக்டரை, கொம்பியூட்டர் பெட்டியைப் பாருங்கள். பயிற்சிப் புத்தகத்திலும் அப்படித்தான் இருந்தது. நான் அந்தப் பக்கத்தைப் படித்தும் இருந்தேன்.

இன்னொன்றையும் எழுத வேண்டும். இரண்டாம் தரம் கார் வந்தபோது சாரதியின் காலடி விரிப்பைத் தூக்கினேன். ஒரு மணம் வந்தது. உப்பும் சேறும் பழைய டீசலும் கலந்த புளித்த மணம். அந்த மணம் எனக்குத் தெரியும். கடல் வந்து போன பிறகு அக்காவைத் தேடி மூன்று நாள் நாங்கள் அதற்குள்தான் நடந்தோம். அக்கா கிடைக்கவில்லை. விரிப்பைத் திரும்பப் போட்டுக் கதவைச் சாத்தினேன். பாதையில் வாவித் தண்ணீர் தெறித்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மேலே தூக்கிப் பார்த்திருந்தால் எல்லாம் அன்றே தெரிந்திருக்கும்.

5. போன்

பன்னிரண்டு நாள் கழித்து, காலை பத்து மணியளவில் போன் வந்தது. அக்கரையில் அறுவடை நடந்துகொண்டிருந்தது. வட்டை முழுக்கச் சூடடிப்பு, பதரும் தூசியும் பறக்கும் காலம். கராஜில் ஒருவர் கம்பிறசர் ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு காதைப் பொத்திக்கொண்டுதான் பேசினேன். அந்தப் பேச்சை எத்தனையோ தரம் மனதுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டேன். இதில் ஒரு சொல்லும் கூடக் குறையச் சொல்லவில்லை.

"தங்கச்சி, தண்ணி மெசின் வந்திட்டு."

"எப்ப அண்ணன்?"

"இப்பதான், ஸ்டார்ட் எடுக்கக்குள்ள." இடையில் கொஞ்சம் அறுந்தது. "...இழுக்குது தங்கச்சி."

"நல்லா இழுக்குதா?"

"நல்லா இழுக்குது. முந்தியப் போல இல்ல."

"அப்ப பயமில்ல."

"பயமில்லையா? அங்க கொண்டு வரவா, இல்லாட்டி இங்க கிட்டக் காட்டவா?"

அந்த ஊரில் ஒரு மெக்கானிக் இருந்தார். பற்றரி வயரைக் கழற்றுகிற ஆள். நான் மூன்று மாதம் பாடுபட்ட காரில் அவர் கை வைப்பதை நினைக்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

"கிட்ட ஒருத்தருக்கும் காட்டாதீங்க. நேர இங்க கொண்டு வாங்க."

"கார் ஓடுமா?"

"ஓடும். நான் சொல்றன்."

போனை வைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தேன். கிராங்க் சென்சருக்குச் சாமான் வந்ததா என்று கொழும்புக்கு எடுத்துக் கேட்க வேண்டும் என்று நினைத்ததும் ஞாபகம் இருக்கிறது.

அவர் வீட்டிலிருந்து பத்து நிமிடத் தூரத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி இருந்தது. முட்டுக்காரருக்கு மருந்துப் புகை பிடிக்கும் மெசின் அந்த வருடம் அங்கே வந்திருந்தது.

6. பாதை

முக்கால் மணித்தியாலம் கழித்துத் திரும்பவும் அவர்தான்.

"தங்கச்சி, ஸ்டார்ட் எடுக்குதில்ல. பாதையில நிக்கிறம்."

பாதையில் ஏறியதும் எஞ்சினை நிறுத்த வேண்டும் என்பது அங்கே ஒழுங்கு. கரை வந்ததும் ஸ்டார்ட் பண்ணி இறக்க வேண்டும். அக்கரைச் சாவடியில் நிறுத்தியபோது கார் திரும்ப ஸ்டார்ட் ஆகியிருக்கிறது. இக்கரையில் ஆகவில்லை.

நான் வாத்தியார் போல் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினேன். சாவியைக் கழற்றுங்க. ஒரு நிமிசம் விடுங்க. ஓனில வைங்க. லைட் பத்துதா? மூணு எண்ணுங்க. இப்ப திருப்புங்க. எஞ்சின் சும்மா சுற்றும் சத்தம் போனில் கேட்டது. பிடிக்கவில்லை. இன்னொருக்கா. அவர் நான் சொன்னதெல்லாம் செய்தார். பின்னால் வாகனக்காரர்கள் கத்தினார்கள். யாரோ சிங்களத்தில் அதட்டினான். திரும்பவும் முதலில் இருந்து தொடங்கச் சொன்னேன்.

நாலைந்து நிமிடம் அப்படிப் போனது. நாலாம் தரமோ ஐந்தாம் தரமோ எஞ்சின் சத்தம் நின்ற இடைவெளியில், காருக்குள்ளிருந்து ஒரு பெண்ணின் குரல் கேட்டது.

"துசி, கண்ணத் திற மகள். கண்ணத் திறங்கோ. அம்மாவப் பாருங்கோ."

இழுக்குது என்று அவர் சொன்னது யாரை என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"நானா!" என்று கத்தினேன். வேறு ஒன்றும் சொல்ல வரவில்லை. நானா என் முகத்தைப் பார்த்துவிட்டு வேன் சாவியை எடுத்தார். துறைக்கு எங்களுக்குச் சில மைல்தான். நானா ஹோனில் வைத்த கையை எடுக்கவில்லை.

போய்ச் சேர்ந்தபோது காரைப் பாதையிலிருந்து தள்ளிக் கரையேற்றியிருந்தார்கள். தள்ளியவர்களில் சாவடிச் சிப்பாய்கள் இருவரும் இருந்தார்கள். துவக்கை முதுகில் போட்டுக்கொண்டு முழங்கால்வரை நனைந்து நின்றார்கள். துறையில் வேறு வாகனம் இருக்கவில்லை. பாதையில் வந்தவை நெல் மூடை ஏற்றிய உழவு மெசின்களும் மோட்டார் சைக்கிள்களும்தான். நடேசன் அண்ணன் இன்னும் சாரதி ஆசனத்தில் இருந்து சாவியைத் திருப்பிக்கொண்டிருந்தார். நான் சொன்னபடி. ஓன். மூன்று எண்ணுவது. திருப்புவது.

துசியின் அம்மா பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு வேனுக்குள் ஏறினார். நானா நடேசன் அண்ணனைக் கையைப் பிடித்து முன் ஆசனத்தில் ஏற்றினார். நான் துசியின் கால்களைப் பிடித்துக்கொண்டேன். ஒரு காலில் மட்டும் செருப்பு இருந்தது. முதலில் நெஞ்சு ஏறி இறங்கியது, விலா எலும்புகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. பிறகு அந்தச் சத்தம் குறைந்தது. சத்தம் குறைந்தது நல்லதென்று ஒரு கணம் நினைத்தேன். கல்லடிப் பாலத்தடிச் சாவடியில் சிப்பாய் கையைக் காட்டி மறித்து, உள்ளே பார்த்து, உடனே விலகினான்.

மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் உள்ளே எடுத்தார்கள். அரை மணித்தியாலத்துக்குப் பிறகு வெளியே வந்த தாதி நடேசன் அண்ணனைத் தனியே கூப்பிட்டார்.

செத்த வீட்டுக்கு நான் போகவில்லை. நானா போனார். திரும்பி வந்து, "ஸ்கூல் பிள்ளையளெல்லாம் வந்திருந்திச்சு," என்று மட்டும் சொன்னார். வாசிக்கத் தெரியாது என்று நான் சொன்னதை அவர் அன்றும் சொல்லிக் காட்டவில்லை, பிறகும் சொல்லிக் காட்டவில்லை.

7. அவசரமில்லை

இரண்டு மாதம் கழித்து நடேசன் அண்ணன் உழவு மெசினில் கட்டி இழுத்துக்கொண்டு காரைக் கொண்டு வந்தார். வன்னியில் யுத்தம் முடிந்த வாரம் அது. வீதியில் கொடி கட்டிய வாகனங்கள் ஓடின. எங்கள் ஆட்கள் வாசல் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தார்கள். யாருடைய பிள்ளை அங்கே இருந்தது, யாருடையது இல்லை என்று ஒருவரும் வாய் திறந்து கேட்கவில்லை. சாவடியில் வருகிறவர்களுக்கெல்லாம் வெற்றிக்கென்று பாற்சோறு கொடுத்திருக்கிறார்கள். நடேசன் அண்ணனுக்குக் கொடுத்த துண்டு, பேப்பரில் சுற்றியபடி, துசி இருக்கும் ஆசனத்தில் கிடந்தது.

அவர் மெலிந்திருந்தார். தாடி வைத்திருந்தார். நான் கையில் ஸ்கேனரோடு நின்றேன், என்ன சொல்வதென்று தெரியாமல்.

"என்ன பிழையெண்டு பாருங்க தங்கச்சி," என்றார். "இப்ப அவசரமில்ல. ஆறுதலாப் பாருங்க."

ஸ்கேனரைத் துவாயில் சுற்றி வைத்துவிட்டேன். ஆசனங்களைக் கழற்றினேன். விரிப்பைத் தூக்கினேன். மணம் வந்தது. இந்த முறை கதவைச் சாத்தவில்லை. விரிப்புக்குக் கீழே இருந்த தடித்த துணியில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. ஆசனப் போல்ட்டுகளின் மேல்பக்கத்துக்கு யாரோ பெயின்ட் அடித்திருந்தார்கள், கீழ்ப்பக்கம் துருவாய் உதிர்ந்தது. சீற் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தேன். யாரும் இழுக்காத அந்தக் கடைசி முழத்தில் சேற்றுக்கோடு இருந்தது. டாஷ்போர்டுக்குக் கீழே கொம்பியூட்டர் பெட்டியின் கனெக்டரைக் கழற்றியபோது ஊசிகள் பச்சையாக இருந்தன. கிராங்க் சென்சருக்குப் போகும் ஊசி நகம் பட்டதும் பொடியானது. பெட்டிக்குப் பின்னால் மூலையில் ஒரு கைப்பிடி கடல் மண்ணும், சின்ன மட்டி ஓடும் இருந்தன.

பயிற்சிப் புத்தகத்திலிருந்து இன்னொரு வரியையும் எழுதி வைக்கிறேன். கிராங்க் சென்சரின் வயர் விட்டு விட்டுப் பிடித்தால் எஞ்சினுக்கு இழுவை குறையாது. நல்லா இழுத்து ஓடும். நிறுத்தினால் திரும்ப எடுக்காமல் போகலாம். அன்று அவர் காரைப் பற்றித்தான் பேசினார் என்று வைத்துக்கொண்டாலும் என் மறுமொழி பிழை.

நடேசன் அண்ணனைக் கூப்பிட்டு மட்டி ஓட்டை உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன்.

"இது சுனாமிக்குள்ள அள்ளுப்பட்ட கார், அண்ணன். கழுவி, பெயின்ட் அடிச்சு வித்திரிக்காங்க. உப்பு உள்ளுக்குள்ள இருந்து திண்டிரிக்கு."

அவர் ஓட்டை வாங்கிக் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அண்டைக்குத் துசிக்கு மூணு வயசு. கடல் எங்கட பக்கம் வரல்ல. பிள்ளையத் தூக்கி வைச்சுக்கொண்டு, எங்களுக்கு ஒண்டும் ஆகல்லையே எண்டு மனுசியும் நானும் கோயிலுக்குப் போனம்." நிறுத்தினார். "கடல் வரல்ல. நான்தான் கடலப் பாதையில ஏத்திக் கொண்டு போயிரிக்கன்."

அப்போது சொல்லிவிட்டேன். அதற்கு மேல் வைத்திருக்க ஏலாது.

"அண்ணன், அண்டைக்கு நீங்க இழுக்குது எண்டக்குள்ள நான் காரெண்டுதான் நினைச்சன். கிட்டக் காட்டாதீங்க எண்டதும் காரத்தான். பிள்ளையெண்டு தெரிஞ்சிருந்தா..."

"தெரியும்."

நான் அவரைப் பார்த்தேன்.

"ஆஸ்பத்திரி வாசலில, தாதி வந்து சொன்ன பிறகு, நீங்க என்ட கையப் பிடிச்சிட்டு, கார் நல்லா இழுக்குது எண்டீங்களே, கார் நல்லா இழுக்குது எண்டீங்களே எண்டு கேட்டுக் கேட்டு நிண்டீங்க. உங்களுக்கு அயத்துப் போச்சு போல."

எனக்கு அது சுத்தமாக ஞாபகம் இல்லை. இன்றும் இல்லை.

"மனுசிக்குச் சொல்லல்ல," என்றார். "கார் நிண்டதால போனாள் எண்டு நினைச்சிட்டிரிக்காள். அப்பிடியே இரிக்கட்டும். நீங்களும் சொல்லப் போகாதீங்க."

ஆறு நாள் எடுத்தது. வயரிங்கைப் பாதிக்கு மேல் புதிதாக இழுத்தேன். பழைய கொம்பியூட்டர் பெட்டியை எறிந்துவிட்டு வேறொன்று போட்டோம். ஒவ்வொரு வயரையும் நானாவிடம் காட்டி, அவர் சரி என்ற பிறகே அடுத்ததைத் தொட்டேன். நடேசன் அண்ணன் வந்து ஏறி, சாவியை ஓனில் வைத்தார். தண்ணி மெசின் வந்தது. மூன்று விநாடி. போனது. எஞ்சின் ஒரே பிடியில் பிடித்தது.

அவர் எஞ்சினை நிறுத்தினார். திரும்ப ஓனில் வைத்தார். வந்தது. போனது. திரும்பவும். எத்தனை தரம் என்று நான் எண்ணவில்லை.

8. இப்போது

மண்முனையில் இப்போது பாலம் இருக்கிறது. நானாவுக்குக் கண் சரியில்லை. மின்சார வேலை முழுக்க என் பொறுப்பு, எனக்குக் கீழே நாலு பேர். என் சான்றிதழ் அதே ஆணியில் தொங்குகிறது, நான் கழற்றவில்லை. அந்த மட்டி ஓடு நடேசன் அண்ணனிடம் இருக்கிறது. காரை அவர் இன்னும் வைத்திருக்கிறார், அவர் தவிர அதில் யாரும் ஏறுவதில்லை. லைட் வரவில்லை என்று எப்போதாவது வந்து சொல்லிவிட்டுப் போவார்.

ஒரே லைட் திரும்பத் திரும்ப வந்தால் அதை அழிக்காதீர்கள். கோட் மாறி மாறி வந்தால் வயரைப் பாருங்கள். வாசிக்கத் தெரியாதவர் சொல்வதையும் ஒருதரம் சோதித்துப் பாருங்கள். இவை மூன்றும் தொழில் பாடங்கள். யாரிடமும் படிக்கலாம்.

எங்கள் கராஜில் "இழுக்குதா" என்று யாரும் கேட்கக் கூடாது. பவர் இருக்கா என்று கேட்க வேண்டும். புதிதாக வருகிறவர்களுக்கு இது விசராகத் தெரியும், தங்களுக்குள் சிரிப்பார்கள். அவர்களுக்குக் காரணம் சொல்வதில்லை. சொன்னால் அது ஊர் சுற்றி அக்கரைக்கும் போகும். இங்கேயும் பெயர்களையும் சில இடங்களையும் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன்.

லைட் என்று போன் வந்தால் நான் முதலில் கேட்பது, "வண்டிக்குள்ள ஆர் இரிக்கிற?" மறுமொழி வரும்வரை வண்டியைப் பற்றி ஒரு சொல்லும் பேசுவதில்லை.